நகரி கடைல இருந்து பாத்த சின்ன ஏர்லைன்ஸ் கதை: ட்ரூஜெட், ஏர் கோஸ்டா, ரேணிகுண்டா

நகரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் பிரிண்ட், ரயில் டிக்கெட், ஃப்ளைட் டிக்கெட்னு எல்லாம் கலந்த ஒரு கடை எங்களோடது. ஜெராக்ஸ் மெஷினை எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார், கம்ப்யூட்டர் என்கிட்ட. நான் பொறந்தது பள்ளிப்பட்டு, தமிழ்நாடு பக்கம், கட்டிக்கிட்டு வந்தது ஆந்திரா பக்கம். கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிப்பாங்க, காசு குடுக்கும்போது மறுபடி தமிழுக்கு வந்துடுவாங்க, நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ரொம்ப நாளைக்கு எங்க கடைல ஃப்ளைட் டிக்கெட்னா துபாய், குவைத், மஸ்கட்னு சென்னைல இருந்து கிளம்பறது மட்டும்தான். உள்ளூர் ஃப்ளைட்டுன்னு கேட்டு யாரும் வர மாட்டாங்க. ஹைதராபாத் போகணும்னா நாராயணாத்ரி இல்லைனா வெங்கடாத்ரி, நைட் ஏறினா காலைல இறங்கிடலாம், இல்லாதப்ப பஸ். 2014 ஜூன் வரைக்கும் மொத்த ஆந்திராவுக்கும் தலைநகரம் ஹைதராபாத்தானே, ஹைகோர்ட் கேஸு, செக்ரடேரியட்ல ஃபைல் நகர்த்தறது, பெரிய ஆஸ்பத்திரி, பசங்க வேலை எல்லாம் அங்கதான், மாநிலம் பிரிஞ்சப்புறமும் பசங்க வேலை அங்கயே தங்கிடுச்சு. அதனால ஓட்டத்துக்குக் குறைவே இல்ல, தட்கல் திறக்கற நேரத்துல கடைல நிக்க இடம் இருக்காது.

அந்த நேரத்துலதான் 2015 ஜூலைல ட்ரூஜெட் வந்துச்சு. கம்பெனி பேர் டர்போ மேகா ஏர்வேஸ், ட்ரூஜெட்ங்கறது விமானத்துல எழுதியிருக்கற பேர். ஹைதராபாத் ஷம்ஷாபாத்தான் அவங்களுக்கு ஹப், அங்க இருந்து திருப்பதி, ராஜமுந்திரின்னு பறந்தாங்க, கோதாவரி புஷ்கரம் அந்த மாசம்தான் நடந்துச்சு, அந்தக் கூட்டத்தையும் கணக்கு வெச்சுத்தான் அந்த நேரம் பாத்து இறங்கியிருப்பாங்கன்னு நான் நினைக்கறேன். விளம்பரத்துக்கு தெலுங்கு நடிகர் ராம் சரண். அதனால எங்க ஊர்ல ட்ரூஜெட்ங்கற பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, "அக்கா, சரண் ஃப்ளைட்ல ரெண்டு சீட் உந்தா?"ன்னுதான் கேப்பாங்க.

அதே வருஷம் அக்டோபர்ல ரேணிகுண்டா ஏர்போர்ட்ல, அதான் திருப்பதி ஏர்போர்ட், புது டெர்மினல் திறந்தாங்க, பிரதமர் வந்து திறந்தார். நகரில இருந்து புத்தூர் தாண்டி வடமாலப்பேட்டை வழியா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் ரேணிகுண்டா. சென்னை ஏர்போர்ட்டுக்கு எங்களுக்கு திருத்தணி, திருவள்ளூர் எல்லாம் தாண்டி பூந்தமல்லி டிராஃபிக்ல மாட்டி மூணு மணி நேரம் போயிடும், அதைப் பாத்தா இது சொர்க்கம். வர்ற ஜனங்களைப் பாக்கணும் அங்க, மொட்டை போட்டு சந்தனம் தடவின தலைங்க, கைல லட்டு பை, செக்யூரிட்டில நிக்கற எல்லார்கிட்டயும் அதே பை.

ட்ரூஜெட் ஓட்டினது ஏடிஆர் 72. இந்த விமானத்தைப் பத்தி தெரிஞ்சுக்கிட்டு டிக்கெட் போட்டா பயணிக்கு நிறைய தொல்லை மிச்சம், ஏன்னா இது பெரிய போயிங், ஏர்பஸ் மாதிரி இல்ல. ரெக்கை மேல இருக்கும், அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஆறு பிளேடு உள்ள ப்ரொப்பெல்லர். ஆளுங்க ஏறற கதவு பின்னாடி, வாலுக்குக் கிட்ட. லக்கேஜ் ஏத்தற கதவு முன்னாடி, பைலட் ரூமுக்கும் சீட்டுக்கும் நடுவுல சாமான் அறை. பயணிங்க பின்னாடி கதவுல கூட்டமா ஏறும்போது வால் கீழ உக்காந்துடக் கூடாதுன்னு ஒரு கம்பு மாதிரி ஸ்டாண்டை வால் அடியில முட்டுக் குடுத்திருப்பாங்க, எல்லாரும் உக்காந்தப்புறம் அதைக் கழட்டிட்டுத்தான் கிளம்பும். முதல் தடவை பாக்கறவங்க விமானத்துக்கு முட்டா, ரிப்பேரான்னு பயந்து என்கிட்ட ஃபோன் போட்டிருக்காங்க.

அதனால நான் கத்துக்கிட்ட முதல் விஷயம் சீட் நம்பர். "முன்னாடி சீட் போடுங்க, சீக்கிரம் இறங்கணும்"னு எல்லாரும் பழக்கத்துல கேப்பாங்க. ஏடிஆர்ல முன்னாடி சீட்டுதான் கடைசில இறங்கும், ப்ரொப்பெல்லர் சத்தமும் முன்பக்கமும் நடுவுலயும்தான் அதிகம். முட்டி வலிக்காரங்க, குழந்தை வெச்சிருக்கறவங்க, கனெக்ஷன் பிடிக்க ஓடறவங்க எல்லாருக்கும் பின்னாடி வரிசைதான். ஜன்னல்ல வேடிக்கை பாக்கணும்னா எங்க வேணா உக்காரலாம், ரெக்கை மேல இருக்கறதால கீழ மறைக்காது, ஜெட் அளவுக்கு உயரமும் போகாது, மழைக்காலம் முடிஞ்ச கையோட போனா நல்லமலைக் காடு பச்சையா விரிஞ்சு கிடக்கும்.

சீட் விஷயம் எனக்கு மண்டையில ஏறினது ஒரு புத்தூர் கட்டு ஆளால. எலும்பு முறிஞ்சா புத்தூர்ல போய்க் கட்டு போட்டுக்கறது இந்தப் பக்கம் மட்டும் இல்ல, ஹைதராபாத், பெங்களூர்ல இருந்தெல்லாம் வருவாங்க. பச்சிலை அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு பூசின துணி சுத்தி, மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுவாங்க, முட்டிக்கு மேல இருந்து கணுக்கால் வரைக்கும் கட்டினா காலை மடக்கவே முடியாது. அப்படி ஒரு பெரியவர், பையனோட வந்தார், ரயில்ல அப்பர் பெர்த்தான் இருக்கு, ஃப்ளைட் போட்டுடும்மான்னாங்க. எனக்குச் சந்தேகம், ஏர்லைன்ஸ் நம்பருக்குப் போட்டுக் கேட்டேன். அவங்க கேட்டது ரெண்டே கேள்வி: கட்டு போட்டு எத்தனை நாளாச்சு, டாக்டர் லெட்டர் இருக்கா. பொதுவா எந்த ஏர்லைன்ஸா இருந்தாலும் மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரத்துக்குள்ள பறக்கறதுன்னா யோசிப்பாங்க, உள்ள வீக்கம் கூடினா ரத்த ஓட்டம் நிக்கும்ங்கறது காரணம். புத்தூர் கட்டுக்கு டாக்டரும் கிடையாது லெட்டரும் கிடையாது, வைத்தியர்தான்.

என்ன பண்ணோம்னா திருப்பதில ஒரு எலும்பு டாக்டர்கிட்ட எக்ஸ்ரே காட்டி, பறக்கலாம்னு ஒரு லெட்டர் வாங்கச் சொன்னேன், வீல்சேர் முன்கூட்டியே கேட்டு பிஎன்ஆர்ல ஏத்தினேன், சீட் கடைசிக்கு முந்தின வரிசை. முதல் வரிசை கேட்டிருந்தா குடுத்திருக்கவே மாட்டாங்க, ஏடிஆர்ல அங்க எமர்ஜென்சி கதவு இருக்கு, கால் நீட்டி உக்கார்றவரை அங்க உட்கார வைக்கக் கூடாது. ஏடிஆர் கதவே கீழ மடங்கிப் படியா மாறிடும், உயரம் கம்மி, குறுகலான ஒரு சேர்ல வெச்சு ஸ்டாஃப் ரெண்டு பேர் தூக்கிட்டுப் போய் உட்கார வெச்சாங்களாம், பையன் ஹைதராபாத் இறங்கி ஃபோன் பண்ணி ரொம்ப சந்தோஷமா சொன்னார். அதுக்கப்புறம் கட்டு கேஸ் எது வந்தாலும் இதே வரிசைதான்: எக்ஸ்ரே, லெட்டர், வீல்சேர், பின் சீட். இப்பவும் இண்டிகோ ஏடிஆருக்கும் அலையன்ஸ் ஏர் ஏடிஆருக்கும் இது அப்படியே பொருந்தும்.

லக்கேஜ் பத்தி ஒரு வார்த்தை. ஏடிஆர்ல மேல் தட்டு சின்னது, கேபின் பேக் 7 கிலோன்னு டிக்கெட்ல போட்டிருந்தாலும் பெரிய ட்ராலி உள்ள நுழையாது, வாசல்லயே வாங்கி கீழ போட்டுடுவாங்க. அதனால மாத்திரை, நகை, டாக்குமெண்ட் எல்லாம் தனியா ஒரு கைப்பைல. லட்டு மடிலதான்.

சரி, ஏன் எல்லா சின்னக் கம்பெனியும் 70 சீட்டையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கினாங்க? எனக்கு இதைப் புரிய வெச்சது கடைக்கு வர்ற ஒரு ரிட்டயர்டு ஏர்போர்ட் ஸ்டாஃப், புத்தூர்க்காரர், நாங்க மாமான்னுதான் கூப்பிடுவோம். விமானத்துக்குப் போடற எரிபொருள், ஏடிஎஃப்னு சொல்றாங்களே, அதுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேற வேற, 25, 30 சதவீதம் வரைக்கும் கூட போட்டிருக்காங்க. ஆனா 40 டன்னுக்குக் குறைவான எடை உள்ள விமானமா இருந்தா 4 சதவீதம்தான். அதோட 80 சீட்டுக்குக் கீழ இருந்தா ஏர்போர்ட்ல லேண்டிங் சார்ஜும் கிடையாது. "இந்த ரெண்டு சலுகைலதாம்மா இவங்க வண்டி ஓடுது"ன்னார் மாமா. ஏடிஆர் 72 இந்த ரெண்டுக்குள்ளயும் அடங்கும். 2005ல சென்னைல இருந்து கிளம்பின பாரமவுண்ட் ஏர்வேஸும் இதே கணக்குலதான் எம்ப்ரேர் 170, 175 விமானங்களை எடுத்து மதுரை, கோயம்புத்தூர்னு ஓட்டினாங்க, உள்ள பூராவும் பிசினஸ் கிளாஸ் சீட். அவங்களும் 2010ல லீஸ் கம்பெனியோட தகராறாகி நின்னுட்டாங்க.

ஏர் கோஸ்டா கதை இன்னும் ருசி. விஜயவாடா கம்பெனி, எல்இபிஎல் குரூப். 2013 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, மாநிலம் பிரியறதுக்கு முன்னாடியே, அப்ப விஜயவாடாவோட கன்னவரம் ஏர்போர்ட்டை வெச்சு ஒரு ஏர்லைன்ஸான்னு கேட்டவங்க உண்டு. சென்னை அவங்களுக்கு இன்னொரு பேஸ். பிரேசில்காரங்க தயாரிக்கற எம்ப்ரேர் 170, 67 சீட்டு, அப்புறம் எம்ப்ரேர் 190, 112 சீட்டு. ரெண்டுலயும் ஒரு வரிசைக்கு ரெண்டு ரெண்டு சீட்டுதான், நடு சீட்டே கிடையாது. கணவன் மனைவிக்கு ரெண்டு சீட், மூணாவதா யாரோ வந்து ஒட்டிக்கிட்டு உக்கார்ற பேச்சே இல்ல, எங்க ஊர் ஜனத்துக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பெங்களூர், ஹைதராபாத், விசாகப்பட்டணம், ஜெய்ப்பூர், அகமதாபாத்னு லிஸ்ட்டு, திருப்பதியும் அதுல இருந்துச்சு. தலைநகரம் அமராவதின்னு முடிவாகி 2016ல செக்ரடேரியட் வெலகபூடிக்கு மாறினதும் விஜயவாடா போற கூட்டம் திடீர்னு பெருகிடுச்சு. அவங்க வந்த நேரம் சரின்னு நான்கூட நினைச்சேன்.

2014 பிப்ரவரில சிங்கப்பூர் ஏர்ஷோல எம்ப்ரேர்கிட்ட 50 புது விமானத்துக்கு ஆர்டர் குடுத்தாங்க. இ2ன்னு புது மாடல், பாதி 190, பாதி 195. பேப்பர்ல பெருசா வந்துச்சு. கைல ஓடிக்கிட்டிருந்ததோ மொத்தமா நாலு விமானம். மாமா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "நாலு தறி ஓட்டறவன் அம்பது தறிக்கு அட்வான்ஸ் குடுக்கறானாம்"னார், நகரில இதை விடத் தெளிவா யாருக்கும் சொல்ல முடியாது. அந்த 50ல ஒண்ணு கூட வந்து சேரல. 190க்கு மாறினதுலயே எனக்கு ஒரு கேள்வி உண்டு, 112 சீட்டு, எடையும் 40 டன்னைத் தாண்டிடும், அப்ப அந்த 4 சதவீதமும் லேண்டிங் சார்ஜ் சலுகையும் அந்த விமானத்துக்குக் கிடைக்காது, பெரிய ஏர்லைன்ஸோட அதே செலவுல மோதணும், அவங்ககிட்ட 180 சீட்டு. 2016லயே லீஸ் பாக்கித் தகராறுல ஒரு தடவை விமானம் நின்னு திரும்ப ஓடிச்சு. 2017 பிப்ரவரி கடைசில மொத்தமா நின்னுச்சு, ஜூன்ல டிஜிசிஏ, அதான் விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கற அரசு ஆபீஸ், லைசென்ஸையும் நிறுத்தி வெச்சுட்டாங்க.

இதுல எல்லாரும் தப்பா நினைக்கற ஒண்ணு இருக்கு, கூட்டம் இல்லாமதான் நின்னு போச்சுன்னு. எங்க கடைல நான் போட்ட வரைக்கும் சீட் கிடைக்கறதே கஷ்டமா இருந்த ரூட் எல்லாம் நின்னிருக்கு. சீட் நிறையறது வேற, கம்பெனி நிக்கறது வேற. விமானம் எதுவும் இவங்களோட சொந்தம் இல்ல, அயர்லாந்துலயோ சிங்கப்பூர்லயோ இருக்கற லீஸ் கம்பெனியோடது, வாடகை டாலர்ல, ரூபா இறங்கினா வாடகை ஏறும். எஞ்சின் ஓவர்ஹாலுக்குன்னு ஓடின மணிக்கணக்குக்குத் தனியா ஒரு தொகை கட்டிக்கிட்டே வரணும். டிக்கெட் காசு ரூபாயில, அதுவும் போட்டிக்காக இறக்கி இறக்கி வித்தது. ரெண்டு மூணு மாச வாடகை நின்னா லீஸ் கம்பெனிக்காரன் கோர்ட்டு கேஸ்னு இழுக்க வேண்டியதில்ல, கேப் டவுன் ஒப்பந்தத்துல இந்தியா 2008லயே சேந்தாச்சு, கம்பெனி கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பரை டிஜிசிஏல நீட்டினா விமானத்தோட ரிஜிஸ்ட்ரேஷனை எடுத்துடலாம், விமானத்தைக் கொண்டு போயிடலாம். பெரிய கம்பெனில நூறுல ரெண்டு போனா தெரியாது, நாலு விமானம் வெச்சிருக்கறவங்ககிட்ட ரெண்டு போனா பாதி ஏர்லைன்ஸ் போச்சு. அந்த ரெண்டு வருஷத்துல மட்டும் பாருங்க, பெங்களூர்ல இருந்து ஓடின ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2016 ஜூலைல நின்னுச்சு, அதே ஜூலைல கோயம்புத்தூர்ல ஏர் கார்னிவல் கிளம்பி அடுத்த வருஷமே நின்னுச்சு. எல்லாம் ஏடிஆர்தான், எல்லாம் லீஸ்தான்.

அதனால நான் ஒரு புது ஏர்லைன்ஸ் வந்தா முதல்ல பாக்கறது டிக்கெட் விலை இல்ல, அவங்ககிட்ட எத்தனை விமானம் இருக்கு, தினம் எத்தனை ரூட் காட்டறாங்கன்னு. டைம் டேபிளை வெச்சு வெள்ளைப் பேப்பர்ல கோடு போட்டா நமக்கே தெரிஞ்சிடும், காலைல ஹைதராபாத்ல கிளம்பற விமானம் திருப்பதி வந்து, திரும்பிப் போய், ராஜமுந்திரி போய் வந்து, சாயந்திரம் இன்னொரு ஊருக்குன்னு ஒரே விமானம் நாள் பூரா சுத்திக்கிட்டே இருக்கும். காலைல பனி மூட்டத்துல அரை மணி லேட்டானா அது சாயந்திரம் ரெண்டு மணி நேரமாப் பெருத்து நிக்கும், ஏதாவது ஒரு பார்ட் போச்சுன்னா மாத்து விமானம் கிடையாது, கேன்சல். அதனால சின்ன ஏர்லைன்ஸ்னா நாளோட முதல் ஃப்ளைட்டைத்தான் போடுவேன். விலை 500, 600 கூட இருந்தாலும் பரவாயில்ல.

கோர்ட் வாய்தா, விசா இண்டர்வியூ, ஆபரேஷன், பரீட்சை இதுக்கெல்லாம் அன்னிக்கே போற ஃப்ளைட் போட மாட்டேன்னு கடைல எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் போங்க, இல்லையா ராத்திரி ரயில்ல போங்க. சண்டை போட்டுட்டு வேற கடைக்குப் போனவங்களும் உண்டு, போகட்டும்.

இன்னொண்ணு தனித்தனி பிஎன்ஆர். திருப்பதில இருந்து ஹைதராபாத் சின்ன ஏர்லைன்ஸ், ஹைதராபாத்ல இருந்து துபாய் வேற ஏர்லைன்ஸ், ரெண்டு டிக்கெட்டும் தனித்தனியா போட்டா மலிவா வரும். முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போச்சுன்னா ரெண்டாவது ஏர்லைன்ஸுக்கு உங்களைப் பத்தி ஒரு கவலையும் இல்ல, நீங்க வரல, அவ்வளவுதான். கல்ஃப் போற பசங்களுக்கு விசா தேதியும் இருக்கும். அவங்களுக்கு நான் சென்னையையே போட்டுக் குடுப்பேன், மூணு மணி நேரம் கார்ல போனாலும் சரி.

இப்ப காசு விஷயம். ஒரு கம்பெனி (இந்தப் பதிவுல பேர் வர்ற எதுவும் இல்ல அது, பேர் வேண்டாம்) திடீர்னு நின்னப்ப எங்க கடைல போட்ட டிக்கெட் கொஞ்சம் மாட்டிக்கிச்சு. நாங்க டிக்கெட் போடறது நேரா ஏர்லைன்ஸ்ல இல்ல, ஒரு போர்ட்டல்ல முன்பணம் கட்டி வெச்சு அதுல இருந்து. ஏர்லைன்ஸ் ரீஃபண்ட் குடுத்தா போர்ட்டலுக்கு வரும், போர்ட்டல் எங்க வாலட்ல போடும், நாங்க கஸ்டமருக்குக் குடுக்கணும். போர்ட்டல்காரன் ஏர்லைன்ஸைக் காட்டறான், ஏர்லைன்ஸ் ஃபோன் எடுக்கல, கஸ்டமர் என் கடை வாசல்ல. பக்கத்துல ஏகாம்பரகுப்பத்துல தறி வெச்சிருக்கற ஒரு அண்ணன், குடும்பத்தோட போறதுக்குப் போட்டவர், நாற்காலில உக்காந்தவர் எழுந்திரிக்கவே இல்ல, சத்தமும் போடல, "நீ சொல்லுமா, நான் கேட்டுக்கறேன்"னு உக்காந்திருந்தார், சத்தம் போட்டிருந்தா கூட பதில் சொல்லியிருப்பேன். பாதியை எங்க கைல இருந்து குடுத்து மீதியை வந்ததும் தர்றேன்னு எழுதிக் குடுத்தோம். மீதி வந்துச்சு, முழுசா இல்ல, ரொம்ப லேட்டா.

யார் யாருக்கு முழுக்காசு வந்துச்சுன்னு பாத்தா கிரெடிட் கார்டுல சொந்தமா போட்டவங்களுக்கு. டிக்கெட் வாங்கி சேவை கிடைக்கலைனா பேங்க்ல டிஸ்ப்யூட் போடலாம், சார்ஜ்பேக்னு சொல்வாங்க. பறக்க வேண்டிய தேதில இருந்து பொதுவா 120 நாள் கணக்கு. ஏர்லைன்ஸ் திரும்ப ஓடும்னு சொல்றாங்களேன்னு காத்திருந்தவங்களுக்குத்தான் நாள் தாண்டிப் போச்சு. அதுக்குத் தேவை மூணே பேப்பர்: டிக்கெட் பிடிஎஃப், ஃப்ளைட் கேன்சல்னு வந்த மெசேஜோ மெயிலோ, கார்டு ஸ்டேட்மெண்ட்ல அந்த வரி. யுபிஐல போனா இந்த வழி கார்டு அளவுக்குக் கிடையாது, கேஷ் குடுத்தா சுத்தமா கிடையாது. அதனால பெரிய தொகைன்னா, என் கமிஷன் போனாலும் பரவாயில்ல, உங்க கார்டுல நேரா ஏர்லைன்ஸ் சைட்ல போடுங்கன்னு நானே சொல்லிடறேன், சைட்ல போடத் தெரியாதுன்னா கடைல உக்கார வெச்சு அவங்க மெயில், அவங்க ஃபோன் நம்பர் குடுத்துப் போட்டுக் குடுக்கறேன். ஏஜென்ட் நம்பர் குடுத்துப் போட்டா கேன்சல் மெசேஜ் ஏஜென்ட்டுக்குத்தான் வரும், நீங்க ரேணிகுண்டா போய் நின்னப்புறம்தான் தெரியும். ஏஜென்ட் மூலமா வாங்கினாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்ஸ்தான்னு டிஜிசிஏ விதி இருக்கு, ஓடற ஏர்லைன்ஸ்னா அந்த விதியைக் காட்டி மல்லுக்கட்டலாம், நின்னு போனதுகிட்ட எதைக் காட்டறது.

உடான் பத்தி, அதான் சின்ன ஊருக்கும் மலிவா ஃப்ளைட் விடற மத்திய அரசு திட்டம், அதைச் சொல்லாம விட்டா இது முடியாது. 2017 ஏப்ரல் 27ல பிரதமர் சிம்லாவுல அந்தத் திட்டத்தோட முதல் ஃப்ளைட்டைக் கொடி அசைச்சார், அன்னிக்கே கடப்பா ஹைதராபாத், நாந்தேட் ஹைதராபாத் ரூட்டும் ஆரம்பிச்சுது, அந்த ரெண்டும் ட்ரூஜெட். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டு அப்ப 2,500 ரூபாய்க்குள்ள விக்கணும், நஷ்டத்தை அரசாங்கம் மூணு வருஷத்துக்கு ஈடு கட்டும், அந்த மூணு வருஷமும் அந்த ரூட்ல வேற யாரும் போட்டிக்கு வரக் கூடாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. சென்னை கடப்பாவும் ஓட்டினாங்க, சென்னை ஆஸ்பத்திரிக்குப் போற கடப்பா ஜனத்துக்கு அது பெரிய உதவி. 2018 மார்ச்சுல சென்னை சேலம் வந்துச்சு, அந்த ரூட் பத்தி எங்க ஊர்ல நூல் வியாபாரம் பண்றவங்க குஷியா கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன். நகரில இருந்து சென்னை ஏர்போர்ட் மூணு மணி, அங்க ஒன்றரை மணி காத்திருக்கணும், பறக்கறது ஒரு மணி, காமலாபுரத்துல இறங்கி டவுனுக்கு அரை மணி. அந்த நேரத்துல கார்ல வேலூர், கிருஷ்ணகிரி வழியா போய் சேலத்துல டிபன் சாப்பிட்டுடலாம். சேலத்துக்காரங்களுக்கு அது அருமையான ஃப்ளைட், நமக்கு இல்ல.

மூணு வருஷ மானியம் தீர்ற மாசத்தை நான் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்குவேன். மானியம் நின்னதும் அந்த ரூட் தன் கால்ல நிக்குமா நிக்காதான்னு அப்பத்தான் தெரியும், நிறைய நிக்கல. சேலமும் 2021ல நின்னு, 2023 அக்டோபர்லதான் வேற கம்பெனிங்க மூலமா திரும்ப வந்துச்சு. உடான் ரூட்ல டிக்கெட் போடறவங்க ரெண்டு மாசத்துக்கு மேல முன்கூட்டி போடாதீங்கன்னு சொல்வேன், ஆனா அந்த மலிவு சீட்டு சீக்கிரம் தீந்துடும், ரெண்டுக்கும் நடுவுல பாத்துப் போடணும்.

ட்ரூஜெட் மத்தவங்களை விட நின்னு ஆடினாங்க, அதை ஒத்துக்கணும். ஏர் பெகாசஸ், ஏர் கார்னிவல், ஏர் கோஸ்டா எல்லாம் போனப்புறமும் ஓடிக்கிட்டிருந்தாங்க, மேகா இன்ஜினியரிங் குரூப் பின்னாடி இருந்துச்சு. 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு நாடு பூரா விமானம் நின்னு மே 25ல திரும்ப ஆரம்பிச்சப்ப இவங்களும் ஆரம்பிச்சாங்க. ஆனா கோயில்ல தரிசன டிக்கெட்டே எண்ணி எண்ணிக் குடுத்த காலம், திருப்பதி ஃப்ளைட்டுக்கு ஆள் எங்க இருந்து வரும். 2021ல ஸ்டாஃபுக்குச் சம்பளம் இழுக்குதுன்னு செய்தி வந்துச்சு, ரூட் ஒண்ணொண்ணா குறைஞ்சுது. ஒரு ஏர்லைன்ஸ் சாயப் போகுதுன்னு வெளில இருந்து தெரிஞ்சுக்க இதை விட நல்ல அடையாளம் இல்ல: சம்பள பாக்கி செய்தி, புக்கிங் திறக்கற தேதி சுருங்கறது, அடிக்கடி டைம் மாறுது, "ஆப்பரேஷனல் ரீசன்"னு கேன்சல். ரெண்டு ஒண்ணா வந்தாலே நான் அந்த ஏர்லைன்ஸ்ல அட்வான்ஸா போடறதை நிறுத்திடுவேன். ட்ரூஜெட் கடைசியா பறந்தது 2022 பிப்ரவரி. புது முதலீட்டாளர் வர்றார், திரும்ப ஆரம்பிக்கறாங்கன்னு அதுக்கப்புறமும் பேச்சு அடிபட்டுச்சு, ஒண்ணும் நடக்கல.

இப்ப ரேணிகுண்டால இண்டிகோதான் அதிகம், அதுலயும் ஹைதராபாத்துக்கு ஏடிஆர் வந்தா அதே பின்பக்கக் கதவு, அதே சீட் விதி. சின்னக் கம்பெனி புதுசா வந்தா இன்னும் போடத்தான் செய்வேன், போட்டி இருந்தாத்தான் விலை இறங்கும், சரண் ஃப்ளைட் இருந்த வருஷங்கள்ல இருந்த விலைக்கும் போனப்புறம் இருந்த விலைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனா ஃப்ளைட் போடும்போதே அதே தேதிக்கு ராத்திரி ரயில்ல ஒரு ஸ்லீப்பரும் போட்டு வெச்சுடுவேன். கன்ஃபர்ம் டிக்கெட்டை சில நாள் முன்னாடியே கேன்சல் பண்ணா ஸ்லீப்பர்ல கொஞ்சம்தான் பிடிப்பாங்க. புத்தூர், நகரி ஆளுங்களுக்கு ரேணிகுண்டால ஏறற மாதிரி ரயில், சித்தூர், பாகாலா பக்கத்து ஆளுங்களுக்கு வெங்கடாத்ரி, அது சித்தூர்ல இருந்தே கிளம்புது.